அடையாளம் காட்டியவன்

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சு வைக்கிறீங்களா தம்பி? படிக்க வேண்டாம்னு சொல்லல. உங்க பேப்பர், நீங்க படிங்க. அந்த மூணாம் பக்கம் மட்டும் என் கண்ணு முன்னாடி வேண்டாம். நடுவுல மாலையும் கழுத்துமா சிரிச்சுக்கிட்டு நிக்கிறான் பாருங்க, கைதிகளுக்கு யோகா ஹால் திறந்து வச்சானாம். அவனை எனக்குத் தெரியும். நல்லாவே தெரியும். அவன் இருக்க வேண்டிய இடம் அந்த ஹாலுக்கு உள்ள, கைதிகளோட கைதியா.

மன்னிச்சுக்கங்க, சத்தமாப் பேசிட்டேன். முன் சீட்டு அம்மா திரும்பிப் பாக்குறாங்க. போலீஸ் குரல். ரிட்டயர்டு ஆயி அஞ்சு வருஷமாச்சு, குரல் மட்டும் ஆகல.

டிஎஸ்பியா இருந்தேன். வைரவநாதன்னா அந்தக் காலத்துல ஜெயில்காரனுங்களுக்கு அவ்வளவு பயம். சிறைக்குள்ள நடக்குற அக்கிரமத்தை விசாரிக்கன்னே ஒரு சின்னப் பிரிவு. எனக்குக் கீழ ரெண்டு இன்ஸ்பெக்டருங்க, ஒரு ஜீப்பு, மழை பெஞ்சா ஒழுகுற ஒரு ரூம். திருடனைப் பிடிக்கிறது சுலபம் தம்பி. திருடனைப் பூட்டி வச்சிருக்கிறவனைப் பிடிக்கிறதுதான் கஷ்டம். சாவி அவன்கிட்ட, சாட்சியும் அவன்கிட்ட. அந்த வேலையை ஒம்போது வருஷம் பாத்தேன்.

இந்தப் போட்டோவுல நிக்கிறவன் அப்ப ஒரு பெரிய ஜெயிலுக்கு சூப்பிரண்டு. எந்த ஊர்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஒரு நாள் எங்க ஆபீசுக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. பேர் கிடையாது. பென்சில்ல எழுதினது. ‘மாடக்கண்ணு மூச்சு விட முடியாமல் செத்தார். அவருக்குச் சேர வேண்டிய கட்டிலில் குவாரி முதலாளி படுத்திருக்கிறார்’னு ரெண்டே வரி.

போய் விசாரிச்சா, அத்தனையும் நெஜம். ஜெயிலுக்குள்ள ஒரு ஆஸ்பத்திரி வார்டு இருக்கும், இருபது கட்டில். ஃபேன் உண்டு, பால் முட்டை உண்டு, வீட்டுச் சாப்பாடு வரும். அந்த இருபதுல பதிமூணு கட்டில்ல ஒரு நோயும் இல்லாத ஆளுங்க படுத்துக் கிடந்தானுங்க. எல்லாம் வசதியான கை. அந்தக் குவாரிக்காரன் எட்டு மாசமா அங்கேயே குடியிருந்தான். நெஞ்சு வலியாம். காலையில வார்டைச் சுத்தி நாப்பது ரவுண்டு ஓடுவானாம் தம்பி, நெஞ்சு வலிக்காரன்! மாடக்கண்ணுன்னு சொன்னேனே, அவரு ஆஸ்துமாக்காரர். அறுபது வயசு. கோழி திருடின கேஸ். டாக்டரு, ‘உடனே வார்டில் சேர்க்கவும்’னு மூணு தடவை சீட்டு எழுதிக் கொடுத்திருக்காரு. மூணு தடவையும் கட்டில் இல்லைன்னுட்டானுங்க. சிமெண்டுத் தரையில உக்காந்தபடியே போயிட்டாரு. கோழி திருடினதுக்கு!

இதை எப்படி நிரூபிக்கிறது? டாக்டரு வாயைத் திறக்க மாட்டேங்குறாரு. அவர் எழுதின சீட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டாச்சு. கோப்புல பாத்தா குவாரிக்காரனுக்குத் தினம் பிரஷர் பாத்த மாதிரி, ஊசி போட்ட மாதிரி அழகா எழுதி வச்சிருக்கானுங்க.

அப்பத்தான் பூவலிங்கம் கிடைச்சான்.

ஆயுள் கைதி. வரப்புத் தகராறுல பங்காளியை வெட்டிட்டு வந்தவன். எட்டாவது வரைக்கும் படிச்சவன், கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அதனால வார்டுல ரைட்டர் வேலை கொடுத்திருந்தாங்க. அந்தப் பொய்ப் பிரஷரையெல்லாம் எழுதினது அவன் கைதான். அவங்க சொல்லச் சொல்ல எழுதுவான். டாக்டரோட உண்மையான சீட்டைக் கையில கொடுத்து, ‘கிழிச்சுப் போடுடா’ம்பாங்க. இவன் கிழிக்கல தம்பி. வேற எதையாவது கிழிச்சுக் காட்டிட்டு, சீட்டை ஒளிச்சு வச்சுட்டான். எங்க வச்சான் தெரியுமா? குவாரிக்காரன் படுத்திருந்தான் பாருங்க, அதே தேங்காய் நார் மெத்தைக்குள்ள. தையலைப் பிரிச்சு உள்ள சொருகி மறுபடி தச்சுட்டான். வார்டு பூராச் சோதனை போட்டாலும் அந்தப் பெரிய மனுசன் மெத்தையில எவனும் கை வைக்க மாட்டான்ல? என்ன மூளை பாருங்க. சாட்சியத்துமேலயே எட்டு மாசம் குறட்டை விட்டிருக்கான் அந்த ஆளு.

பூவலிங்கத்தைக் கண்டுபிடிச்சது எங்க இன்ஸ்பெக்டர் ஜெபக்கனி. அந்தம்மா கெட்டிக்காரிதான், இல்லைன்னு சொல்லல. கைதியைச் சொந்தக்காரங்க ஜன்னல் வழியாப் பாக்கிறதுக்கு மனு பாக்கிறதும்பாங்க. பூவலிங்கத்தோட அக்கா கூடப் போயி, ஒறவுக்காரி மாதிரி நின்னு, மூணு மனுவுல விஷயத்தைக் கறந்துட்டாங்க. நாந்தான் வேலை கத்துக் கொடுத்தேன் அதுக்கு. எஸ்.ஐ.யா வந்த காலத்துலேர்ந்து என் கையில வளந்த பொண்ணு. அதனாலதான் இன்னிக்கும் ஆறல.

பூவலிங்கம் ஒரே ஒரு விஷயம் கேட்டான். ஜெபக்கனி வந்து சொல்லுச்சு.

“சார், சோதனைக்கு வர்றதுக்கு முந்தி அவரை வேற ஜெயிலுக்கு மாத்திடணுமாம். மாத்திட்டா எந்த மெத்தைன்னு எழுதியே கொடுத்துடுறேங்குறார்.”

நான் முடியாதுன்னுட்டேன்.

ஏன்னு சொல்றேன், கேளுங்க. ஒரு கைதியை மாத்தணும்னா சூப்பிரண்டு ஆபீஸ் வழியாத்தான் காகிதம் போகணும். வார்டு ரைட்டரைத் திடீர்னு எதுக்கு மாத்துறாங்கன்னு அவனுக்கு மூக்குல வேர்த்துடும். மெத்தை அன்னிக்கே அடுப்புக்குப் போயிடும். சரி, மேலிடத்துல பேசி ரகசியமா மாத்தலாமான்னு கேப்பீங்க. மாத்தலாம். ஜெபக்கனியும் அதத்தான் சொல்லுச்சு. ஆனா கோர்ட்டுல என்ன கேப்பான்? ‘மெத்தைக்குள்ள சீட்டைப் போலீசே வச்சிருக்கலாமே’ம்பான். ஒளிச்சு வச்ச ஆளே முன்னால நின்னு, பத்து பேர் பாக்க, ‘இதோ, இந்த மெத்தை’ன்னு விரல் நீட்டிக் காட்டணும். அப்பத்தான் கேஸ் இரும்பு மாதிரி நிக்கும். நான் சொன்னதுல ஏதாவது தப்பு இருக்கா? சொல்லுங்க. எந்த வக்கீலை வேணும்னாலும் கேளுங்க.

மூணு தடவை கேட்டுச்சு அந்தம்மா. போன்ல ஒரு தடவை. நேர்ல ஒரு தடவை. மூணாவது தடவை ஒரு குறிப்பே எழுதி என் மேசையில வச்சுருச்சு. ‘சாட்சியின் உயிருக்கு ஆபத்து உள்ளது. முன்கூட்டியே மாற்ற வேண்டுகிறேன்.’ நான் அதுல ‘பார்த்தேன்’னு எழுதி இனிஷியல் போட்டேன். அவ்வளவுதான். மேலதிகாரி பாத்தேன்னா பாத்தேன்னு அர்த்தம். அப்புறம் ஆபத்து எதுலதான் இல்ல? எனக்கு இல்லையா? எத்தனை மொட்டைக் கடுதாசி, எத்தனை மிரட்டல்! என் சம்சாரம் ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டக் கூட நான் என்ன வேலை பாக்கிறேன்னு சொன்னதில்ல.

ஒரு செவ்வாக்கெழமை காலையில பத்து மணிக்கு உள்ள நுழைஞ்சோம். முன்கூட்டி ஒருத்தனுக்கும் தெரியாது. சூப்பிரண்டு அப்பத்தான் இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தான், கையைக் கூடக் கழுவ விடல நான். வார்டுல எல்லாரையும் வரிசையா நிறுத்தினேன். குவாரிக்காரன் பட்டுக்கரை லுங்கியும் சந்தனப் பொட்டுமா நிக்கிறான். பூவலிங்கத்தைக் கூப்பிட்டேன்.

“எந்த மெத்தை?”

அவன் என்னைப் பாக்கல. ஜெபக்கனியப் பாத்தான். இங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு, பத்து பேர் பாத்துக்கிட்டிருக்கும்போது சாட்சி தயங்கக்கூடாது.

“யோவ், வாயைத் திறந்து சொல்லு. விரலை நீட்டிக் காட்டு.”

காட்டினான். பிளேடு வச்சுக் கிழிச்சோம். நாருக்குள்ளேர்ந்து ஒண்ணொண்ணா வருது தம்பி. பதினாலு சீட்டு. மாடக்கண்ணுவோடது மூணும் அதுல இருந்துச்சு. டாக்டர் கையெழுத்து, தேதி, எல்லாம். குவாரிக்காரன் மூஞ்சியை அன்னிக்கு நீங்க பாத்திருக்கணும். என் முப்பத்திரண்டு வருஷ சர்வீசுல அதுக்கு ஈடா ஒரு நாள் கிடையாது. மறுநாள் எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு, ‘டிஎஸ்பி வைரவநாதன் தலைமையில்’னு.

வேலை முடிஞ்சு சாயங்காலம் நாலு மணிக்கு வெளிய வந்தோம். ஜீப்புல ஏறப் போறேன். ஜெபக்கனி வாசல்லயே நிக்குது.

“சார், பூவலிங்கத்தை இப்பவே மாத்த உத்தரவு கேளுங்க சார். ஒரு போன் போதும். நான் இங்கேயே இருந்து கூட்டிட்டு வர்றேன்.”

“நாளைக்குப் பாப்போம்மா. இப்ப அறிக்கை அனுப்பணும், மேலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க.”

“நாளைக்கு வரைக்கும் அவர் யார் கையில இருப்பார் சார்?”

மேலதிகாரிகிட்டப் பேசுற பேச்சா இது? ஆனாலும் பொறுத்துக்கிட்டேன். நல்ல நாள்ல எதுக்குன்னு விட்டுட்டேன். அது ஜீப்புல ஏறல. ஜெயில் வாசல்ல வேப்ப மரத்தடியில போய் உக்காந்துக்கிச்சு. நான் கிளம்பிட்டேன்.

புதன்கெழமை எனக்கு நேரமே இல்ல. பாராட்டுறவங்க, பத்திரிகைக்காரங்க, மேலதிகாரிங்க, அறிக்கை. காலையிலேர்ந்து ஒரு வாய் காப்பி குடிக்க நேரமில்ல.

வியாழக்கெழமை காலையில கைதிங்க குளிக்கிற தொட்டிகிட்ட பூவலிங்கம் ‘வழுக்கி விழுந்துட்டான்’. ஜெயில் குறிப்புல அப்படித்தான் இருக்கு. வழுக்கி விழுந்தவனுக்கு இரும்பு வாளியோட கைப்பிடி எப்படி இடது கண்ணுக்குள்ள போச்சுன்னு அதுல இல்ல. நூத்தி இருபது பேர் குளிச்சுக்கிட்டிருந்த இடம், ஒருத்தன்கூடப் பாக்கலையாம். ஒருத்தன்கூட!

எனக்கு வந்த கோவம் இருக்கே. நேரா அங்க போயி அந்த சூப்பிரண்டு சட்டையைப் பிடிச்சேன். ரெண்டு பேர் வந்து விலக்கி விட்டாங்க. அந்த ஆளு என்ன சொன்னான் தெரியுமா? சட்டையை நீவி விட்டுக்கிட்டே சொல்றான்.

“ஏன் சார் பதர்றீங்க? பத்து பேருக்கு முன்னாடி அவனை விரல் நீட்டச் சொன்னது நானா?”

திமிரப் பாத்தீங்களா? பழியத் தூக்கி யார் தலையில போடுறான் பாருங்க. அயோக்கியன்.

அதுக்கப்புறம் மாத்தச் சொல்லி எழுதினேன். உடனே எழுதினேன், அன்னிக்கே. உத்தரவு வர அஞ்சு வாரம் ஆச்சு. அது என் தப்பா? கவர்மெண்டு.

இங்கேர்ந்துதான் என் கதையே. சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுக்கலைன்னு என்மேல விசாரணை வச்சாங்க. என்மேல! வார்டுப் படுக்கையை வாடகைக்கு விட்டவன் மூணு மாசம் வேற ஊர்ல இருந்துட்டுப் பதவி உயர்வோட திரும்பி வந்தான். அதை வெளியே கொண்டு வந்த நான் கூண்டுல நிக்கிறேன். சரி, ஜெபக்கனி இருக்குன்னு தைரியமாத்தான் போனேன். ‘அந்தச் சூழ்நிலையில வேற வழியில்லை’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். விசாரணை அதிகாரி கேட்டார்.

“சாட்சிக்கு ஆபத்து இருப்பதை மேலதிகாரியிடம் தெரிவித்தீர்களா?”

“மூணு தடவை சார். சோதனை முடிஞ்ச அன்னிக்கு வாசல்ல நாலாவது தடவை.”

குறிப்போட நகலையும் எடுத்து வச்சுருச்சு. ‘பார்த்தேன்’, என் இனிஷியல், தேதி. பொய் சொல்லுச்சான்னா, இல்ல. ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதுதான் தம்பி எனக்கு ஆத்திரம். பொய் சொல்லியிருந்தா உடைச்சிருப்பேன்.

வெளிய வராந்தாவுல நிறுத்திக் கேட்டேன். “ஏம்மா, நான் உனக்கு என்ன துரோகம் பண்ணினேன்?”

அது அழுதுக்கிட்டிருந்துச்சு. “எனக்கு ஒண்ணும் பண்ணல சார். தப்பு என்மேலயும் இருக்கு. நீங்க முடியாதுன்னதும் உங்களைத் தாண்டி மேல போயிருக்கணும். உங்க மேல இருந்த மரியாதையில போகல. அந்தக் கண்ணுல பாதி என் கணக்கு.”

கேட்டீங்களா? என்னைத் தாண்டிப் போயிருக்குமாம்! வேலை கத்துக் கொடுத்தவனுக்குக் கிடைச்ச மரியாதை.

சர்வீஸ் புத்தகத்துல ‘கடமை தவறியமைக்குக் கண்டனம்’னு எழுதினாங்க. அடுத்த பதவி போச்சு. குடியரசு தினப் பதக்கத்துக்கு என் பேர் போயிருந்துச்சு, அதுவும் போச்சு. சரி, கேசாவது ஜெயிக்கட்டும்னு இருந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு விசாரணைக்கு வந்துச்சு. பூவலிங்கம் கூண்டுல ஏறினான். பதினாலு சீட்டையும் காட்டி வக்கீல் கேட்டார்.

“இதையெல்லாம் மெத்தைக்குள்ள வச்சது நீங்கதானா?”

“ஞாபகம் இல்லைங்க.”

“இது யார் கையெழுத்துன்னாவது தெரியுதா?”

“கண்ணு சரியாத் தெரியலைங்க.”

கோர்ட்டு வராந்தாவுல அவனைப் பிடிச்சுக் கத்தினேன். ‘உன்னால எத்தனை பேர் உழைப்பு நாசமாச்சு தெரியுமாடா? மாடக்கண்ணு ஆவி உன்னைச் சும்மா விடாது’ன்னு கத்தினேன். கூட வந்த காவலருங்க அவனை இழுத்துட்டுப் போயிட்டாங்க. அவன் விடுதலைக்கு அப்ப ஜெயில் சிபாரிசு போக வேண்டியிருந்துச்சாம். அதனால பயந்துட்டானாம். பின்னால சொன்னாங்க. அதுக்கு? நான் பயந்தேனா? கேஸ் தள்ளுபடி. எல்லாரும் விடுதலை. குவாரிக்காரன் வெளிய வந்து வெடி போட்டான்.

போன வருஷம் என் பொண்ணு சொல்லுச்சு, ‘அப்பா, அந்தக் கண்டனத்தை நீக்கச் சொல்லி மனுப் போடுங்க, ரிட்டயர்டு ஆனவங்களுக்கும் நீக்குறாங்க’ன்னு. வக்கீலைப் பாத்தேன். அவர் சொன்னார், ‘அந்தச் சாட்சியே, என்னை மாத்த வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்னு எழுதிக் கொடுத்தா போதும் சார், சுலபமா நீங்கிடும்’னு. ஒரே ஒரு வரி தம்பி. ஒரு வரி. அதனால யாருக்கு என்ன நஷ்டம்? நடந்தது நடந்து போச்சு. டைப் அடிச்சு எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன்.

பூவலிங்கம் விடுதலை ஆகி, ஒரு வாழைக்காய் மண்டியில தார் இறக்கிக்கிட்டிருக்கான். என்னைப் பாத்ததும் தோள்ல இருந்த தாரை அப்படியே வச்சுட்டு ஓடி வந்தான்.

“ஐயா! வாங்கய்யா. உக்காருங்கய்யா.” சாக்கை உதறிப் போட்டான்.

இடது பக்கம் குழி விழுந்து, இமை ஒட்டிக் கிடக்கு. நான் அந்தப் பக்கம் பாக்காம விஷயத்தைச் சொல்லிப் பேப்பரைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுட்டுக் கொடுத்துடுவான்னு நெனச்சேன். அவன் படிக்க ஆரம்பிச்சுட்டான். பேப்பரை மூக்குகிட்ட வச்சுக்கிட்டு, தலையைச் சாய்ச்சு, விரலை வரிக்குக் கீழ ஓட்டி ஓட்டிப் படிக்கிறான். அந்த வரிகிட்ட வந்ததும் விரல் நின்னு போச்சு.

“ஐயா, இது நான் சொன்னேனாய்யா?”

“நீ சொல்லல. ஆனா கேஸ் நிக்கணும்னா நீ அங்கேயே இருந்துதானே ஆகணும்னு உனக்கும் தெரியும்ல? உனக்கும் மாடக்கண்ணுக்கு நியாயம் கிடைக்கணும்னு இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சுய்யா. அந்தப் பென்சில் கடுதாசி நான் எழுதினதுதான்.”

அது எனக்குத் தெரியாது தம்பி. அன்னிக்குத்தான் தெரியும். ஜெபக்கனிக்குத் தெரிஞ்சிருக்கும் போல. எங்கிட்டச் சொல்லல. நானும் கேட்டதில்ல, யார் எழுதினதுன்னு.

“ஒண்ணே ஒண்ணு கேக்கலாமாய்யா?”ன்னான்.

“கேளு.”

“அன்னிக்கு வெளிய போகையில, வண்டியில எனக்கு ஒரு எடம் இல்லாமப் போச்சாய்யா?”

நான் சொன்னேன். விளக்கமாச் சொன்னேன். உத்தரவு எப்படி வாங்கணும், யார் கையெழுத்துப் போடணும், விதி என்ன சொல்லுதுன்னு எல்லாத்தையும் அந்தச் சாக்குமேல உக்காந்து கால் மணி நேரம் சொன்னேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கடைசியில, “சரிங்கய்யா”ன்னுட்டு, மண்டிக்காரர்கிட்டப் பேனா வாங்கிட்டு வந்து கையெழுத்துப் போட்டுட்டான். முத்து முத்தா இருந்த கையெழுத்து, கோட்டை விட்டு எங்கேயோ ஏறிப் போயிருச்சு.

“ஜெபக்கனியம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கய்யா. மாசாமாசம் என்னைப் பாக்க வருவாங்க. கேள்விப்பட்டா வருத்தப்படுவாங்க”ன்னான்.

பாருங்க. அங்கயும் அந்தம்மாதான்.

அது நடந்து நாலு மாசம் ஆச்சு. அந்தப் பேப்பர் பீரோவுல கிடக்கு. இன்னும் குடுக்கல. பொண்ணு தினம் கேக்குது. வக்கீல் போன் பண்றார், எடுக்கறதில்ல. ஒரு எட்டுப் போய்க் குடுத்துட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? நாளைக்கே குடுக்கலாம். நியாயமா எனக்குச் சேர வேண்டியதுதானே? நான் ஒருத்தன்கிட்டயும் கை நீட்டினதில்ல, ஒரு பொய்க் கேஸ் போட்டதில்ல.

அவன் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் தம்பி. பேப்பரைக் கிழிச்சு மூஞ்சியில எறிஞ்சிருக்கலாம். எறிஞ்சிருந்தா வேற ஒருத்தன்கிட்ட எழுதி வாங்கியாவது மறுநாளே கொண்டுபோய்க் குடுத்திருப்பேன். திட்டலையே. அந்தப் பய கடைசி வரைக்கும் என்னைத் திட்டவே இல்லையே.